மருந்துக்கு அடங்காத காது: மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழந்தைநல மருத்துவர்களுக்கும் காது மூக்கு தொண்டை மருத்துவர்களுக்கும்,

வணக்கம். காதில் சீழ் வடியும் குழந்தைகளை நீங்கள் அன்றாடம் பார்க்கிறீர்கள். அவர்களில் ஏறத்தாழ எல்லோருக்கும் இருப்பது சாதாரண நடுச்செவித் தொற்றுதான் என்பதையும், ஒவ்வொரு காதுவலிக்கும் ஸ்கேன் எடுக்கச் சொல்வது முறையாகாது என்பதையும் நான் அறிவேன். ஆன்டிபயாட்டிக் முழுதாகக் கொடுத்தும், மாற்றிக் கொடுத்தும் காது காயாமல் திரும்பத் திரும்ப வரும் குழந்தைக்காக மட்டுமே எழுதுகிறேன்.

ராப்டோமயோசர்கோமா, குழந்தைகளுக்கு வரும் மென்திசுப் புற்றுநோய்களில் முதன்மையானது. அரிதாக அது நடுச்செவியிலேயே தொடங்கும்போது, காது வடிவதும் செவித்திறன் குறைவதும் தொற்றைப் போலவே இருக்கும். கட்டியின் மீது உண்மையான தொற்றும் சேர்ந்துகொள்ளக்கூடும் என்பதால், மருந்து கொடுத்ததும் சில நாள் தணிந்தது போலத் தோன்றலாம். ஏமாற்றுவது பெரும்பாலும் அந்தத் தற்காலிகத் தேறுதல்தான். நடுச்செவிக்கும் மூளையுறைக்கும் நடுவே இருப்பதோ மெல்லிய எலும்புத் தகடு. அதைக் கட்டி அரித்துவிட்டால் சிகிச்சை மேலும் கடுமையாகிறது.

ஒருவகை நோயெதிர்ப்பு அணுக்கள் அளவுமீறிப் பெருகும் அரிய நோயான லாங்கர்ஹான்ஸ் செல் ஹிஸ்டியோசைட்டோசிஸும் இப்படித்தான் மறைந்திருக்கும். காது வடிதலோடு, பொடுகு என்று விட்டுவிடக்கூடிய உச்சந்தலைச் செதில்களும், சில குழந்தைகளிடம் தீராத தாகமும் அடிக்கடி சிறுநீர் கழிப்பதும் காணப்படும். காதை மட்டும் பார்த்தால் இவை கண்ணில் படா.

வடிவதில் இரத்தம் கலந்திருந்தாலோ, காதுக்குழாயில் சிவந்த சதை துருத்தினாலோ, குழந்தை அழும்போது ஒரு கண் மூடாமல் வாய் கோணினாலோ, அடுத்த சொட்டு மருந்தை எழுதுவதற்கு முன் காதின் உட்பகுதியை ஸ்கேனில் பார்த்துவிடுங்கள். நாள்பட்ட தொற்றிலும் இவை வரும் என்பது உண்மையே. ஆனால் அதை உறுதிசெய்ய வேண்டியது அனுமானம் அன்று, பரிசோதனை. காதிலிருந்து அகற்றிய சதை வளர்ச்சி (பாலிப்) எவ்வளவு சிறியதாயினும் அதைத் திசுப் பரிசோதனைக்கு அனுப்புங்கள்.

இன்னொரு வேண்டுகோள். காது ஆறாத குழந்தையைப் பெற்றோர் வேறு வேறு மருத்துவர்களிடம் தூக்கிக்கொண்டு அலைவார்கள். ஒவ்வொருவருக்கும் அது முதல் வருகையாகவே தெரியும். ஆகவே முன்பு என்ன மருந்து, எத்தனை நாள், எத்தனை முறை கொடுக்கப்பட்டது என்று கேட்டு, அதை உங்கள் மருந்துச்சீட்டிலேயே எழுதித் தாருங்கள்.

இப்படிக்கு,
ஒரு தாய்