மாதா சொன்னதாக வரும் செய்திகள்: செபக்குழு நடத்தும் அண்ணன்மார், அக்காமாருக்கு ஒரு திறந்த மடல்

இயேசுவுக்கே புகழ், மரியே வாழ்க!

கருமத்தம்பட்டி, சோமனூர், அவிநாசி, திருப்பூர் பக்கம் அன்பியக் கூட்டங்களையும் (பங்கில் தெருவாரியாகச் சில குடும்பங்கள் சேர்ந்து செபிக்கும் கூட்டம்) செபக்குழுக்களையும் இழுத்துப் பிடித்து நடத்துகிறவர்கள் நீங்கள். தறி ஓட்டிவிட்டு, பனியன் கம்பெனியில் ஷிப்ட் முடித்துவிட்டு அலுத்து வருகிறவர்களை ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார வைத்து செபமாலை சொல்ல வைப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. அதில் குறை காண இந்த மடலை எழுதவில்லை. கொஞ்ச காலமாக நம் கூட்டங்களில் நற்செய்திக்குப் பக்கத்திலேயே இன்னொன்றும் வாசிக்கப்படுகிறது. மாதா இன்னாருக்குக் காட்சி கொடுத்துச் சொன்னார், ஆண்டவர் இந்த சிஸ்டரிடம் பேசினார் என்று வாட்ஸப்பில் வருகிற செய்திகள். ஞாயிறு மறைக்கல்வி வகுப்பு எடுக்கிறவன் என்பதால் பிள்ளைகளும் பெரியவர்களும் இதைப் பற்றி என்னிடம்தான் வந்து கேட்கிறார்கள்.

போன தவக்காலத்தில் ஒரு அன்பியக் கூட்டத்தில் வாசகமும் பகிர்வும் முடிந்ததும் குழுவை நடத்தியவர் போனை எடுத்து ஒரு ஆடியோவைப் போட்டார். உலகம் மூன்று நாள் இருண்டு போகுமாம். கரண்ட் இருக்காதாம். மந்திரித்த தேன்மெழுகுத் திரி மட்டும்தான் எரியுமாம். கதவைத் திறந்து வெளியே பார்த்தவன் அங்கேயே செத்து விழுவானாம். அடுத்த வாரம் அந்தத் தெருவில் ஒரு ஆத்தா என்னை வீட்டுக்குள் கூப்பிட்டு, பீரோவில் சேலைக்கு அடியில் வைத்திருந்த பொட்டலத்தைப் பிரித்துக் காட்டினார். பேப்பரில் சுற்றிய மஞ்சள் திரிகள். “ஏனுங் சார், கடையில வாங்குன வெள்ளத் திரி அன்னைக்கு எரியாதுங்களா? எம் பேத்தி ஊட்டுல அதுதானுங்க இருக்குது” என்று கேட்டார். செபம் செய்கிற மனுஷி. ஆண்டவர் மேல் இருந்த நம்பிக்கை போய், மெழுகின் ரகத்தைப் பற்றிய கவலை வந்து உட்கார்ந்துவிட்டது.

இந்த மூன்று நாள் இருள் செய்தி பெரும்பாலும் அன்னா மரியா தைகி பெயரில் சுற்றுகிறது. அவர் 1837-ல் ரோமில் இறந்த குடும்பத்தலைவி. 1920-ல் அருளாளர் பட்டம், அதாவது புனிதர் பட்டத்துக்கு முந்தைய படி, பெற்றவர். “அருளாளரே சொல்லியிருக்கிறார்” என்று நீங்கள் சொல்லும்போது கேட்பவர்களுக்கு வாய் அடைத்துப் போகிறது. ஆனால் திருச்சபை பட்டம் கொடுப்பது ஒருவர் வாழ்ந்த புண்ணிய வாழ்க்கைக்கு. அவர் சொன்னதாக யாரோ எழுதி வைத்த வரிகளுக்கெல்லாம் அது சான்றிதழ் ஆகாது. ஜெர்மனியின் அன்னா கத்தரீனா எம்மரிக்கை 2004-ல் அருளாளராக உயர்த்தியபோது, அவருடைய காட்சிகள் என்று கவிஞர் பிரென்டானோ எழுதி வெளியிட்டவற்றை ரோமாபுரி, அதாவது வத்திக்கான், கணக்கில் சேர்க்கவே இல்லை. எது அவர் சொன்னது, எது கவிஞர் சேர்த்தது என்று பிரிக்க முடியவில்லை.

சரி, திருச்சபையே ஏற்றுக்கொண்ட காட்சிகள்? மாதா காட்சி கொடுத்த பிரான்சின் லூர்து, போர்ச்சுகலின் பாத்திமா? அங்கேயும் விஷயம் நாம் நினைப்பது போல இல்லை. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் 67-ஆம் எண்ணைப் பிரித்துப் பாருங்கள். தனி வெளிப்பாடுகள், அதாவது தனி ஆட்களுக்குக் கிடைத்த இப்படிப்பட்ட காட்சிகளும் செய்திகளும், விசுவாசக் கருவூலத்தைச் சேர்ந்தவை அல்ல. கிறிஸ்துவின் வெளிப்பாட்டைத் திருத்தவோ நிறைவு செய்யவோ அவை வரவில்லை. ஒரு குறிப்பிட்ட காலத்தில் அதை நன்றாக வாழ உதவுவதே அவற்றின் வேலை என்று அங்கே இருக்கிறது. இது ஏதோ புதுக்காலத்துச் சாமியார்கள் கண்டுபிடித்ததும் இல்லை. பின்னாளில் பதினான்காம் பெனடிக்ட் என்ற பெயரில் திருத்தந்தையான லம்பெர்த்தினி, புனிதர் பட்டம் பற்றி எழுதிய பெரிய நூலில் 1730-களிலேயே சொல்லிவிட்டார்: அங்கீகாரம் பெற்ற காட்சிகளுக்கும் கத்தோலிக்க விசுவாசத்தின் சம்மதம் தேவையில்லை, விவேகத்தோடு மனித நம்பிக்கை வைத்தால் போதும். 2000-ல் பாத்திமா இரகசியத்தை வெளியிட்டபோது கர்தினால் ராட்சிங்கரும் (பின்னாளில் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட்) இதையே எழுதினார். இது நமக்கு நீட்டப்படும் உதவி, எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

இதற்கு எனக்குத் தெரிந்து போலந்து நாட்டுக் கன்னியர் புனித பவுஸ்தீனாவைவிடத் தெளிவான உதாரணம் கிடையாது. இறை இரக்க செபமாலை அவர் கண்ட காட்சியிலிருந்து வந்தது. நம் ஊர்களில் மதியம் மூன்று மணிக்கு இறை இரக்க செபமாலை சொல்லாத செபக்குழு அபூர்வம். அதே பவுஸ்தீனாவின் காட்சிகள் சொல்லுகிற படங்களையும் எழுத்துக்களையும் பரப்பக் கூடாது என்று ரோமாபுரி 1959-ல் தடை போட்டது. 1978-ல் தடை நீங்கியது. 2000-ல் புனிதர் பட்டமே வந்தது. இதிலிருந்து, “பார்த்தீர்களா, இன்று தடுக்கிறவர்கள் நாளைக்கு ஏற்பார்கள், ஆகவே எதையும் பரப்பலாம்” என்று ஒரு அண்ணன் வாதம் செய்தார். எனக்கு அதில் தெரிவது வேறு. அந்த 19 வருடங்களில் இரக்க செபமாலை சொல்லாமல் வாழ்ந்து செத்த நம் பாட்டன் பாட்டிமார் விசுவாசத்தில் எதைக் குறைய விட்டார்கள்? ஒன்றுமே இல்லை. பூசை இருந்தது, பாவசங்கீர்த்தனம் இருந்தது, நற்செய்தி இருந்தது. இல்லாவிட்டாலும் முழுக் கத்தோலிக்கனாக இருக்க முடிந்த ஒன்றை, செய்யாதவனைக் குற்றவாளி ஆக்கும் அளவுக்கு எப்படி உயர்த்துவது?

அதற்காகக் காட்சிகளையெல்லாம் தூக்கிப் போடச் சொல்லவில்லை. படித்த சிலர் அப்படிச் சொல்கிறார்கள். அவர்களோடும் எனக்கு ஒத்துப்போகாது. நம் தெருக்களில் பவனி வருகிற நற்கருணைப் பெருவிழாவுக்குப் பின்னால் லியேஜ் நகரத்துக் கன்னியர் ஜூலியானா கண்ட காட்சி இருக்கிறது. 1264-ல் திருத்தந்தை நான்காம் உர்பன் அதைத் திருச்சபை முழுவதற்கும் விழாவாக்கினார். ஆனால் நற்கருணையை நாம் நம்புவது ஜூலியானா கண்டதால் இல்லை, ஆண்டவர் கடைசி இராவுணவில் கொடுத்ததால். வேளாங்கண்ணிக்குக் காவி கட்டி நடக்கிற நம்மவர்களைப் பாருங்கள். 2024 ஆகஸ்டில் ரோமாபுரி தஞ்சை ஆயருக்கு எழுதிய கடிதம் அந்த யாத்திரிகர்களின் பக்தியை மனதாரப் பாராட்டியது. மோர் கொண்டுபோன சிறுவனுக்கு மாதா காட்சி கொடுத்த கதையை நம்பாதவன் கத்தோலிக்கன் இல்லை என்று அதில் ஒரு வார்த்தை கிடையாது.

திருவிழாக் கடைகளில் வாங்குகிற புனித பிரிஜித்தம்மாளின் 15 செபங்கள் புத்தகமும் அப்படித்தான். ஒரு வருடம் விடாமல் சொன்னால் நம் வம்சத்தில் 15 ஆன்மாக்களுக்கு உத்தரிக்கிற ஸ்தலத்திலிருந்து (இறந்தவர்கள் மோட்சம் போகுமுன் தூய்மையாகும் நிலை) விடுதலை என்று முன்பக்கத்திலேயே போட்டிருக்கும். செபங்கள் அழகானவை, பாடுகளைத் தியானிக்க நல்லவை, தாராளமாகச் சொல்லுங்கள். ஆனால் அந்த வாக்குறுதிகள் கடவுளிடமிருந்து வந்தவை என்பதற்கு ஆதாரம் இல்லை என்று 1954-லேயே ரோமாபுரி எச்சரித்துவிட்டது. புத்தகத்தில் அதை அச்சடிப்பதில்லை, அவ்வளவுதான்.

என்னை இந்த மடல் எழுத வைத்தது இதெல்லாம்கூட இல்லை. பிள்ளைக்கு உடம்பு சரியில்லாத ஒரு வீட்டில் போய் நின்று, “ஐந்து முதல் சனி பக்தியை மாதா கேட்டாங்க, நீங்க பாதியில விட்டுட்டீங்க, அதனாலதான்” என்று சொல்லியிருக்கிறார்கள். பாத்திமா காட்சியோடு சேர்ந்த பக்தி அது, ஐந்து மாதம் தொடர்ந்து முதல் சனிக்கிழமை செய்வது. அந்தத் தாய் சாப்பிடவில்லை. 2024 மே மாதம் ரோமாபுரி காட்சிகளை ஆராய்வதற்குக் கொண்டுவந்த புது விதிமுறைகளில் ஒரு பிரிவு இருக்கிறது. காட்சி, இறை அனுபவம் என்று சொல்லி மனிதர்களை அடக்கி ஆளுவதைத் தனிக் கனமுள்ள ஒழுக்கக் குற்றமாகப் பார்க்க வேண்டும் என்கிறது அது. அதே விதிமுறைப்படி, ஒரு காட்சிக்குக் கிடைக்கக்கூடிய நல்ல முடிவே பொதுவாக “தடை இல்லை” என்பதுதான். இது கடவுளிடமிருந்தே வந்தது என்று ஆயரும் அறிவிப்பதில்லை. ஆயர் சொல்லத் தயங்குவதை நாம் பாயில் உட்கார்ந்துகொண்டு அடித்துச் சொல்லலாமா?

பவுலடியார் தெசலோனிக்கருக்கு எழுதியதில் இறைவாக்கைப் புறக்கணிக்காதீர்கள் என்றும் சொன்னார், எல்லாவற்றையும் சோதித்துப் பாருங்கள் என்றும் அடுத்த மூச்சிலேயே சொன்னார். நாம் முதல் பாதியை மட்டும் வாசிக்கிறோம்.

ஆகவே நான் கேட்பது கொஞ்சம்தான். கூட்டத்தில் இப்படி ஒன்றை வாசிப்பதற்கு முன்னால் இது யார் சொன்னது, எந்த வருடம், திருச்சபை என்ன முடிவு சொல்லியிருக்கிறது என்று ஒரு வரி சொல்லுங்கள். தெரியாவிட்டால் பங்குச் சாமியாரிடம் கேட்கும்வரை ஃபார்வர்டு செய்யாதீர்கள். நோயாளி வீட்டுக்கும் சாவு வீட்டுக்கும் போகும்போது எந்தக் காட்சியையும் கொண்டுபோகாதீர்கள். சங்கீதம் ஒன்று போதும். அக்டோபரில் கருமத்தம்பட்டி ஜெபமாலை மாதா திருவிழாவுக்குப் புத்தகக் கடை போடுகிறவர்கள், எதை விற்கலாம் என்ற பட்டியலை முன்கூட்டியே சாமியாரிடம் காட்டிவிடுங்கள். மறுத்துப் பேச விரும்புகிறவர்கள் ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்ததும் கெபிக்குப் பக்கத்தில் வாருங்கள், மறைக்கல்வி நூலையும் கையில் எடுத்து வருகிறேன்.

இப்படிக்கு,
சோமனூர்ப் பக்கத்து மறைக்கல்வி ஆசிரியன்