தந்தூருக்குப் போகும் மகளுக்கு

அன்பு மகள் நிவேதாவுக்கு,

உன் ஹோட்டலில் உன்னை அடுத்த மாதம் ரொட்டி சுடும் தந்தூர் அடுப்பு வேலையில் போடப்போகிறார்கள் என்று தெரிந்ததிலிருந்து அம்மாவுக்குத் தூக்கம் இல்லை. "கையெல்லாம் பொசுங்கிடும், பிள்ளையை வரச் சொல்லுங்க" என்கிறாள். நான் வரச் சொல்லப்போவதில்லை. ஆசைப்பட்டுப் போன வேலை, செய். ஆனால் கேட்டரிங் காலேஜில் கிரேவிக்கு அளவு சொல்லித் தந்திருப்பார்கள். அதைக் கிண்டுகிற தோளுக்கு என்ன ஆகும் என்று சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று பாதியில் வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன்.

முதல் எதிரி வெக்கை. தந்தூரின் உள்சுவர் 400 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அந்த அனலுக்கு உடம்பு பழக ஒன்றிலிருந்து இரண்டு வாரம் ஆகும். பழகிய உடம்பு சீக்கிரம் வியர்க்க ஆரம்பிக்கும், வியர்வையில் உப்பைக் குறைவாக விடும். எனவே முதல் வாரம் முழு ஷிஃப்டும் அடுப்பு முன்னால் நிற்காதே. பாதி நேரம் மாவு, மசாலா என்று கேட்டு வாங்கிக்கொள். இன்னொன்று, பழகிய உடம்பு சீக்கிரமே மறந்தும் விடும். பொங்கலுக்கு ஊருக்குப் போய் பத்து நாள் கழித்து வருகிற ஆள், வந்த அன்றைக்கே பழைய வேகத்தில் இறங்கி மயங்கி விழுவது இதனால்தான்.

தாகம் எடுத்த பிறகு குடிக்கலாம் என்று இருக்காதே. தாகம் எப்போதும் தாமதமாகத்தான் வரும். இருபது நிமிடத்துக்கு ஒரு டம்ளர், சுமார் 200 மில்லி. நாலு மணி நேரம் சேர்ந்தாற்போல் வியர்த்தால் வெறும் தண்ணீர் போதாது. உப்புப் போட்ட மோர் குடி. அது இல்லையென்றால் ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டி ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பை அதற்கு மேல் ஏற்றாதே. சிறுநீர் வெளிர் மஞ்சளாகப் போனால் சரி. டீ டிகாக்‌ஷன் நிறத்தில் போனால் நீ கடனில் ஓடுகிறாய். அந்தக் கடனைக் கல்லாக வசூலிப்பது சிறுநீரகம்.

இங்கே அம்மா ஒன்று எழுதச் சொன்னாள். பாத்ரூம் தூரம், ஆர்டர் நேரத்தில் போனால் முறைப்பார்கள் என்று பெண்பிள்ளைகள் தண்ணீரே குடிக்காமல் இருந்துவிடுகிறார்கள். அதில்தான் நீர்க்கடுப்பும் தொற்றும் வருகிறது. போக வேண்டுமென்றால் "ரெண்டு நிமிஷம், செஃப்" என்று சொல்லிவிட்டுப் போ. பதிலுக்குக் காத்திருக்காதே. மாதவிலக்கு நாளில் கருப்பு பேன்ட், கூடவே மாற்று ஒன்று. வலி அதிகமாக இருந்தால் அன்றைக்கு மட்டும் மூட்டை தூக்குவதை வேறு ஆளிடம் விட்டுவிடச் சொல்கிறாள்.

கெண்டைக்கால் இழுப்பு, தலைவலி, குமட்டல் வந்தால் வெளியே போய் நிழலில் உட்கார். யாராவது உளற ஆரம்பித்தால், தடுமாறி நடந்தால், அது சோர்வு இல்லை, வெப்ப வாதம் (ஹீட் ஸ்ட்ரோக்). உயிரை எடுக்கும். சட்டையைத் தளர்த்தி, தலை முதல் கால் வரை தண்ணீரைக் கொட்டி, ஃபேனைத் திருப்பி வைத்து 108-ஐக் கூப்பிடு. "தண்ணியப் போட்டுட்டு வந்திருக்கான்" என்று சிரிக்கிற கூட்டத்தோடு சேராதே.

கரி தந்தூர் என்றால் வெக்கையோடு கார்பன் மோனாக்சைடும் உண்டு. அதற்கு மணம் கிடையாது. ஒரே நேரத்தில் உனக்கும் பக்கத்தில் நிற்பவனுக்கும் தலை வலித்தால் தைலம் தேடாதே, எக்ஸாஸ்ட் ஓடுகிறதா என்று பார். எக்ஸாஸ்ட் போடாமல் கரியைப் பற்றவைக்கவே கூடாது. சிம்னி ஃபில்டர் முன்னால் ஒரு டிஷ்யூ தாளைப் பிடித்துப் பார்: ஒட்டிக்கொண்டால் காற்றை இழுக்கிறது, கீழே விழுந்தால் எண்ணெய்ப் பிசுக்கு அடைத்திருக்கிறது. எண்ணெயை உச்ச சூட்டில் காயவைத்து வறுக்கும்போது வரும் புகையை, உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2ஏ பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் வரவைக்கக்கூடும் என்ற பட்டியலில், வைத்திருக்கிறது. நம் சமையலறைகளில் அதற்குப் பெயர் 'கமறல்'.

சூடு படாமல் யாரும் தந்தூர் கற்றதில்லை. ஆனால் பாதி சூடு தவிர்க்கக்கூடியது. ரொட்டி ஒட்டும்போது கை மட்டும் உள்ளே போகட்டும், முகத்தை அடுப்பு வாய்க்கு நேராகக் கொண்டுபோகாதே. மூடியைத் திறக்கும்போது தள்ளி நில்; கோழிக்கொழுப்பு கரியில் சொட்டியிருந்தால் காற்றுப் பட்டதும் குப்பென்று எரியும். கம்பியை வெளியே எடுத்ததும் அதன் முனை சுவரைப் பார்த்திருக்க வேண்டும், நடைபாதையைப் பார்த்து இருக்கக் கூடாது. சூடான பாத்திரத்தைக் காய்ந்த துணியால் பிடி. ஈரத்துணி சூட்டை அப்படியே கைக்குக் கடத்தும், அந்த ஈரமே ஆவியாகி வேகவைக்கும். கோட்டுக்குள் பாலியெஸ்டர் பனியன் போடாதே, தீப்பட்டால் உருகித் தோலோடு ஒட்டும். பருத்திதான். கையை மடித்துவிடுவது ஸ்டைலாக இருக்கும், இறக்கிவிடு.

பட்டுவிட்டால், ஓடுகிற குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம். கடிகாரம் பார்த்து 20. இரண்டு நிமிடத்தில் எரிச்சல் குறைந்ததும் எல்லோரும் கையை எடுத்துவிடுவார்கள். தோலுக்கு அடியில் சூடு அப்போதும் வெந்துகொண்டுதான் இருக்கும். வீங்குவதற்குள் மோதிரம், வளையலைக் கழற்று. ஐஸ் வேண்டாம். பேஸ்ட், இங்க், மஞ்சள், மைதா எதையும் அப்பாதே, டாக்டர் அதைச் சுரண்டி எடுக்கும்போது உயிர் போகும். கொப்புளத்தை உடைக்காதே. உணவை மூடுகிற கிளிங் ஃபிலிம் ஒரு சுற்று அவிழ்த்து எறிந்துவிட்டு, அடுத்த சுற்றிலிருந்து எடுத்துத் தளர்வாகப் போர்த்து. உள்ளங்கை அளவுக்கு மேல் என்றால், அல்லது முகம், மூட்டு, விரல் இடுக்கு என்றால் ஆஸ்பத்திரி. சென்னையில் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையில் தீக்காயத்துக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது.

இனி, கால்களைப் பற்றி. 2021-ல் தமிழ்நாட்டில் கடை ஊழியர்களுக்கு உட்காரும் உரிமை சட்டமாக வந்தது. துணிக்கடைக்கு ஸ்டூல் வந்துவிட்டது, சமையலறைக்கு வந்த மாதிரி தெரியவில்லை. கால் ரத்தக்குழாயில் ரத்தத்தை மேலே தள்ளுவது கெண்டைச்சதை. நடந்தால் அது சுருங்கி விரிந்து பம்பு போல வேலை செய்யும். ஒரே இடத்தில் நின்றால் பம்பு நின்றுபோகும், ரத்தம் கீழே தேங்கும், நாளடைவில் குழாய்க்குள் இருக்கிற வால்வுகள் தளர்ந்து அது சுருண்டு புடைக்கும். அதனால் தட்டுக்காகக் காத்து நிற்கிற நேரத்தில் குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கு, இருபது தடவை. 15–20 எம்.எம். அழுத்தமுள்ள கம்ப்ரஷன் சாக்ஸ் வாங்கு. காலையில் கால் வீங்குவதற்கு முன் போட்டால்தான் பலன். ரூமுக்கு வந்ததும் காலைச் சுவரில் உயர்த்தி வைத்து 15 நிமிடம் படு.

ஷூ விஷயத்தில் காசு பார்க்காதே. வழுக்காத அடி, மூடிய முன்பக்கம். சாயங்காலம் போய் வாங்கு, அப்போதுதான் கால் வீங்கிய அளவு தெரியும். இரண்டு ஜோடி வைத்து மாற்றி மாற்றிப் போடு. நனைந்த ஷூவையே மறுநாளும் போட்டால் விரலிடுக்கில் சேற்றுப்புண் வரும். வியர்வையில் தொடையிடுக்கில் வருகிற படைக்கு மெடிக்கல் ஷாப்பில் "கிரீம் குடுங்க" என்று கேட்காதே. ஸ்டீராய்டு கலந்ததை நீட்டுவார்கள், மூன்று நாளில் அரிப்பு அடங்கும், பிறகு உடம்பெல்லாம் பரவும். தோல் டாக்டரிடம் காட்டு.

மூட்டை. 25 கிலோ வரைக்கும் ஜி.எஸ்.டி. என்று 2022-ல் வந்ததும் அரிசி மூட்டை 26 கிலோ ஆனது. வரியைத் தப்பிக்க ஏற்றிய அந்த ஒரு கிலோ யார் முதுகில் ஏறியது என்று யோசித்துப் பார். மைதா 50 கிலோ, அதைத் தனியாகத் தொடவே தொடாதே. 19 கிலோ கேஸ் சிலிண்டர் என்பது உள்ளே இருக்கிற கேஸின் கணக்குதான். இரும்பு எடை தனி. அதற்குத் தள்ளுவண்டி கேள். மூட்டையை உடம்போடு ஒட்டிப் பிடி, முட்டியை மடக்கு, தூக்கிய பிறகு இடுப்பை முறுக்காதே, பாதத்தைத் திருப்பு. நறுக்கும் மேடை முழங்கைக்கு நாலு விரல் கீழே இருக்க வேண்டும். தாழ்வாக இருந்தால் போர்டுக்கு அடியில் ஒரு தட்டைக் கவிழ்த்து, ஈரத்துணி விரித்து, அதன் மேல் போர்டை வை. குனிந்தே நிற்பதால் வருகிற கழுத்து வலி அந்த நாலு விரலில் குறையும்.

இதெல்லாம் வலிக்கும்போது சமையலறையில் எல்லோர் பையிலும் வலி மாத்திரை இருக்கும், நீட்டுவார்கள். வெறும் வயிறு, உடம்பில் தண்ணீர் இல்லை, அதன் மேல் டைக்ளோஃபினாக். வயிற்றில் புண்ணுக்கும் சிறுநீரகக் கோளாறுக்கும் இதைவிட நேர்வழி கிடையாது. அதனால் நெஞ்செரிகிறது என்று அடுத்த மாத்திரை. ரஷ்ஷுக்கு முன்னால் ஆறு மணிக்கே உட்கார்ந்து தயிர்சாதமாவது சாப்பிடு. ராத்திரி ஒரு மணிக்கு மிச்ச பிரியாணியைத் தின்றுவிட்டுப் படுக்காதே.

இனி, அம்மா கேட்காத, ஆனால் நான் அதிகம் நினைக்கிற விஷயம்.

ரஷ் நேரத்தில் "நான் ரொட்டி எங்கே, நான் ரொட்டி எங்கே" என்று கத்துவார்கள். எக்ஸாஸ்ட் இரைச்சலில் கத்தினால்தான் கேட்கும். அது வேலை, அதை மனதில் ஏற்றாதே. பெற்றவர்களை இழுத்து, சாதியை இழுத்து, உடம்பைச் சொல்லித் திட்டுவது வேலை இல்லை. "எங்க காலத்துல கரண்டியாலயே அடி வாங்கினோம்" என்று பெருமையாகச் சொல்கிற மாஸ்டர்கள் உண்டு. அடி வாங்கியதால் அவர்கள் நன்றாகச் சமைக்கவில்லை. அடியையும் மீறித்தான் சமைத்தார்கள். அந்த அடி கீழே இறங்கிக்கொண்டே போகும். செஃப் உன்னைத் திட்டுவார், நீ யாரைத் திட்டுவது என்று பார்த்தால் பாத்திரம் கழுவுகிற ஒடிசாப் பையன்தான் இருப்பான். திருப்பிச் சொல்ல அவனுக்குத் தமிழ் தெரியாது. உன்னோடு அது நிற்கட்டும்.

ஸ்டோரிலோ கூலர் என்கிற குளிர் அறையிலோ யாராவது வேண்டுமென்று உரசினால், அசிங்கமாகப் பேசினால், தேதி, நேரம், பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று அன்றைக்கே எழுதி வை. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் 2013 சட்டப்படி உள்புகார்க் குழு இருக்க வேண்டும். மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடு. குழுவில் யார் யார் என்று இப்போதே கேட்டுத் தெரிந்துகொள். எதுவும் நடக்காத நாளில் கேட்பது சுலபம்.

ஷிஃப்ட் முடிந்தும் தலைக்குள் ஆர்டர் ஓடிக்கொண்டே இருக்கும். தூக்கம் வராது. அந்த நேரத்துக்குத்தான் "ஒரு பீர் போட்டா சரியாயிடும்" என்பார்கள், வாயில் ஒதுக்கப் புகையிலைப் பொட்டலம் தருவார்கள். தயங்காமல் வேண்டாம் என்று சொல். மாலை ஐந்துக்கு மேல் டீ வேண்டாம். வந்ததும் குளி, விளக்கை அணை, போனை எட்டாத இடத்தில் வை. பிரேக் ஷிஃப்ட் (நடுவில் இடைவெளி விட்டு இரண்டு பாதியாக வேலை) என்றால் மதியம் அரைமணி தூங்கு, இரண்டு மணி நேரம் தூங்கினால் ராத்திரி கெடும். தூக்கம் கெட்டவர்கள்தான் எளிதில் கையை வெட்டிக்கொள்வார்கள்.

உலகம் லீவு எடுக்கிற நாளெல்லாம் உனக்கு வேலை நாள். தீபாவளியும் ஞாயிறும் உனக்கு இல்லை. உன் செவ்வாய்க்கிழமை வீக்லி ஆஃபில் கூடப் படித்தவர்கள் எல்லோரும் ஆபீசில் இருப்பார்கள். கொஞ்ச நாளில் சமையலறை ஆட்களைத் தவிர வேறு யாரும் இல்லை என்று ஆகிவிடும். செவ்வாய் முழுக்கத் தூங்கித் தீர்க்காமல், சமையல் பேச்சே பேசாத ஒருவரையாவது பார். சித்தி வீடு பெரம்பூரில்தானே இருக்கிறது.

வேலைக்குக் கிளம்பும் முன் வயிற்றைப் புரட்டுவது, கூலருக்குள் போய் அழுவது, எதைச் சாப்பிட்டாலும் ருசி தெரியாமல் போவது, செத்தால் தேவலை என்ற நினைப்பு. முதல் மூன்றில் எதுவும் இரண்டு வாரம் நீடித்தால், கடைசியது ஒரு தடவை வந்தாலே, 14416-க்குப் போன் செய். டெலி மானஸ், அரசாங்க மனநல சேவை, இரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். எங்களுக்கும் சொல். அந்த நிலைமையில் வேலையை விடுவதற்கு நோட்டீஸ் பீரியட் கணக்கெல்லாம் பார்க்க வேண்டாம், பணத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.

கடைசியாக இ.எஸ்.ஐ., தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடு. மாதம் 21,000 ரூபாய்க்குள் சம்பளம் என்றால் உனக்கு உண்டு, காண்ட்ராக்டில் எடுத்திருந்தாலும் உண்டு. உன் சம்பளத்தில் 0.75 சதவீதம் பிடிப்பார்கள், முதலாளி 3.25 போட வேண்டும். வேலையில் அடிபட்டால் வேலைக்குப் போக முடியாத நாட்களுக்கு 90 சதவீதச் சம்பளம், அதற்கு இத்தனை நாள் வேலை செய்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. சாதாரண நோய்க்கு 70 சதவீதம், வருடத்துக்கு 91 நாள் வரை. ஆனால் விபத்து அன்றைக்கே பதிவேட்டில் ஏற வேண்டும். "சின்னக் காயந்தானே, எதுக்கு எழுதிக்கிட்டு" என்பார்கள். எழுதச் சொல், ஒரு போட்டோ எடுத்துக்கொள்.

போன மாத பே ஸ்லிப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பு, இ.எஸ்.ஐ. பிடித்திருக்கிறார்களா என்று பார்க்கிறேன். ராத்திரி கை மரத்துப்போகிறது என்றாயே, எந்த விரல் என்று இன்றைக்குக் கவனி. கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் என்றால் மணிக்கட்டில் நரம்பு அழுந்துகிறது, தூங்கும்போது மணிக்கட்டு மடங்காமல் பட்டை கட்ட வேண்டும். சுண்டுவிரல் பக்கம் என்றால் முழங்கையில் கோளாறு, அதற்குப் பட்டை வேறு. எதுவென்று சொன்னால் அதையே வாங்கி சாக்ஸோடு சேர்த்து பஸ்ஸில் பார்சல் போடுகிறேன்.

அன்புடன்,
அப்பா