ரஷ்ய நகரங்களைப் பார்த்துத் திரும்பிய பின் மகனுக்கு எழுதிய கடிதம்

தஞ்சாவூர்,
12.10.2019

அன்பு மகன் ராஜாவுக்கு,

அம்மா எழுதிக்கொண்டது. நானும் அப்பாவும் நலம். நீயும் மருமகளும் பேத்தியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் பேசியபோது, "பன்னிரண்டு நாளும் சர்ச்சாகவே பார்த்தீர்களா அம்மா, அலுத்துப்போகவில்லையா?" என்று கேட்டாய். நான் "இல்லையப்பா, நன்றாக இருந்தது" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிட்டேன். நாற்பதாவது திருமண நாளுக்கென்று பணம் கட்டி எங்களை அவ்வளவு தூரம் அனுப்பிவைத்த பிள்ளைக்கு அது பதிலாகாது என்று அன்றிரவே மனம் உறுத்தியது. முப்பத்திரண்டு வருடம் வரலாறு நடத்தியவள் நான். உட்கார்ந்து எழுதினால்தான் எனக்கு எதுவும் கோவையாக வரும். ஆகவே பொறுமையாகப் படி.

எங்கள் குழுவில் இருபத்திரண்டு பேர். வழிகாட்டியாக வந்தவர் ஐம்பது வயதைத் தாண்டிய ரஷ்ய அம்மையார். காதில் மாட்டிக்கொள்ள ஆளுக்கொரு சிறு கருவியைக் கொடுத்துவிட்டு, முன்னால் நடந்தபடியே நிறுத்தி நிதானமாக ஆங்கிலத்தில் பேசிக்கொண்டு போவார். முதல் நாள், மாஸ்கோ செஞ்சதுக்கத்தின் ஓரத்தில் இருக்கும் கசான் பேராலயத்தின் முன் எங்களை நிறுத்தி, "இந்த நாட்டில் எந்தக் கட்டடத்தைப் பார்த்தாலும் இரண்டு கேள்வி கேளுங்கள்: எப்போது கட்டினார்கள், எப்போது திரும்பக் கட்டினார்கள்" என்றார். எங்கள் கண்முன் நின்ற அந்தப் பேராலயமே 1936-இல் இடிக்கப்பட்டு 1993-இல் மறுபடியும் எழுப்பப்பட்டது என்று தெரிந்ததும், அப்பா தம் சட்டைப் பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்தார். பயணம் முடியும் வரை அது அவர் கையைவிட்டு இறங்கவில்லை.

மாஸ்கோவைப் பற்றி விரிவாக எழுத வேண்டியதில்லை. நீ படங்களில் பார்த்ததெல்லாம் அப்படியேதான் இருக்கிறது. ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள். கிரெம்ளின் மதிலுக்குள் இருக்கும் உஸ்பென்ஸ்கி பேராலயத்தை ஃபியொரவாந்தி என்ற இத்தாலியர் 1475-இல் தொடங்கி 1479-இல் கட்டி முடித்தார். அவருக்கு முன்மாதிரியாகக் காட்டப்பட்டது விளாதிமிர் நகரத்தில் இருந்த முந்நூறு ஆண்டுப் பழைய பேராலயம்; அதை நேரில் பார்த்துவர அவரை அங்கே அனுப்பிவைத்தார்கள். மாஸ்கோவுக்கே மூலம் இன்னொரு ஊரில் இருக்கிறது என்ற அந்த ஒரு செய்திதான், பேருந்தில் ஏறி வடகிழக்கே போகும் ஆவலை எனக்குள் மூட்டியது. பொன் வளையம் என்று 1967-இலிருந்து அழைக்கப்படும் பழைய நகரங்களின் வரிசை அது.

அந்த வரிசையில் முதலாவது செர்கியெவ் பொசாத். மாஸ்கோவிலிருந்து எழுபது கிலோமீட்டர் தூரம். 1608-இலிருந்து 1610 வரை பதினாறு மாதம் போலந்துப் படை முற்றுகையிட்டும் விழாத மடாலயம் அங்கே இருக்கிறது. உள்ளே நுழையும்போது என் கால் தானாகவே செருப்பைக் கழற்றப் பார்த்தது. அங்கே செருப்போடுதான் போக வேண்டும். பெண்கள் தலையை மூடிக்கொள்ள வேண்டும். ஆண்கள் தொப்பியைக் கழற்ற வேண்டும். உட்கார நாற்காலியோ பெஞ்சோ கிடையாது, பூசை எத்தனை மணி நேரம் நடந்தாலும் நின்றே கேட்க வேண்டும். அந்த மடாலயத்தை நிறுவிய புனித செர்கியின் உடல் வைத்த பேழையைத் தொட்டு வணங்க ஊர்ப் பெண்கள் வரிசையில் நின்றார்கள், நானும் புடவைத் தலைப்பைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு நின்றேன். எனக்கு முன்னால் நின்ற மூதாட்டி திரும்பிப் பார்த்து, என் கையில் இருந்த மெழுகுவத்தி கூடுதலாக வளைவதைக் கண்டு, எப்படிப் பிடிக்க வேண்டும் என்று தம் விரலால் காட்டிக்கொடுத்தார். பென்சிலைவிட மெல்லிய மெழுகுவத்தி அது. தேன்மெழுகு என்பதால் தேனின் வாசம் கையிலேயே தங்கியிருந்தது.

இனி நான் நிறுத்தி எழுத நினைத்த இடத்துக்கு வருகிறேன். மாஸ்கோவிலிருந்து ஏறக்குறைய 200 கிலோமீட்டர் தூரத்தில், நேரோ ஏரிக்கரையில் ரோஸ்தோவ் இருக்கிறது. தெற்கே தொன் ஆற்றங்கரையில் அதே பெயரில் பெரிய நகரம் ஒன்று இருப்பதால் இதை மகா ரோஸ்தோவ் என்று அழைக்கிறார்கள். ஆனால் இப்போது இது சிறிய ஊர்தான். அங்குள்ள வெள்ளை மதிலையும் கோபுரங்களையும் கிரெம்ளின் என்று சொன்னாலும் அது போருக்காகக் கட்டிய கோட்டையன்று. 17-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் யோனா என்ற பேராயர் தமக்காக எழுப்பிய மாளிகை வளாகம். 1953 ஆகஸ்டில் அடித்த சூறாவளி அதன் குவிமாடங்களையும் கூரைகளையும் பிய்த்தெறிந்துவிட்டது. இன்று நாம் பார்ப்பது அதற்குப் பின் பொறுமையாகச் சீர்செய்து நிறுத்தியது. அப்பா குறிப்பேட்டில் இரண்டாவது கேள்விக்கான விடையை எழுதிக்கொண்டார்.

அங்கே ஒரு மணிமாடம் இருக்கிறது. கோபுரம்போல் உயர்ந்ததன்று, நீளவாக்கில் கட்டிய சுவரில் நான்கு வளைவுகள், அவற்றுக்குள் வரிசையாக மணிகள். நாம் பார்த்திருக்கும் தேவாலய மணிகள் தாமே ஊசலாடி ஒலிக்கும். அங்கே மணி அசைவதேயில்லை. உத்தரத்தில் நிலையாகத் தொங்கும் மணியின் நாக்கில் கயிறு கட்டி, அந்த நாக்கைத்தான் இழுத்து அடிக்கிறார்கள். சிறு மணிகளின் கயிறுகளை ஒருவரே சேர்த்துப் பிடித்துக்கொண்டு தாளம்போல் அடிக்க, பெரிய மணியின் நாக்கை இருவர் சேர்ந்து ஆட்டுகிறார்கள். அந்தப் பெரிய மணி 1688-இல் வார்க்கப்பட்டது. பழைய ரஷ்ய அளவில் 2000 பூட் எடை, நம் கணக்கில் சுமார் 32 டன். சோவியத் ஆட்சியின் தொடக்க காலத்தில் நாடெங்கும் மணிகளை இறக்கி உருக்கிவிட்டபோதும் இவை தப்பின.

நாங்கள் போன வேளையில் மணியடித்தார்கள். முதலில் பெரிய மணி மட்டும் தனியாக, நிறுத்தி நிறுத்தி ஒலித்தது. நான் பக்கத்துச் சுவரில் கையை ஊன்றி நின்றிருந்தேன். கல் அதிர்வதை உள்ளங்கையால் உணர்ந்தேன். பிறகு அடுத்த மணி, அதற்கடுத்தது என்று சேர்ந்து, கடைசியில் சிறு மணிகளும் புகுந்துகொண்டு ஏரிப்பக்கமெல்லாம் ஒரே நாதமாகிவிட்டது. எல்லாம் அடங்கிய பிறகு வழிகாட்டி அந்தப் பெரிய மணிக்குச் சிசோய் என்று பெயர் என்றார். யோனாவின் தந்தை பெயர் சிசோய். பேராயர் தம்முடைய பெயரை வைக்காமல் தகப்பனார் பெயரை அந்த மணிக்கு வைத்தார்; முந்நூறு ஆண்டுக்கு மேலாக ஊரே அந்தப் பெயரைச் சொல்கிறது.

அப்பா வெகுநேரம் பேசவில்லை. அவர் எதை நினைத்தார் என்று எனக்குத் தெரியும். தாத்தாவின் பெயரைத்தான் உனக்கு வைத்தோம். மாமனார் பெயர் என்பதால் நான் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை. பிறந்த நாள் முதல் உன்னை ராஜா என்றே அழைத்து வருகிறேன். அப்பா மட்டும்தான் வீட்டில் அந்தப் பெயரை முழுதாகச் சொல்லிக் கூப்பிடுவார். நீ வெளிநாடு போன பிறகு அந்தப் பெயர் வீட்டில் ஒலிப்பது குறைந்துவிட்டது என்பதை ரோஸ்தோவில் நின்றுதான் நினைத்துப் பார்த்தேன்.

யாரோஸ்லாவ்ல் பெரிய நகரம். வோல்கா ஆறும் கொத்தரோசல் ஆறும் கூடும் முனையில் இருக்கிறது. அங்கே தீர்க்கதரிசி எலியாவின் தேவாலயத்தை மென்மயிர்த் தோல் வணிகம் செய்த இரண்டு சகோதரர்கள் 1650 வாக்கில் கட்டி முடித்திருக்கிறார்கள். சுவரில் ஓர் அங்குலம் வெறுமையாக இல்லை, எங்கும் ஓவியம். அதில் ஓர் அறுவடைக் காட்சியை நீ பார்க்க வேண்டும். கதை விவிலியத்துக் கதை: வயலுக்குப் போன சிறுவன் தலைவலி என்று சொல்லி இறந்துபோக, தீர்க்கதரிசி எலிசா அவனை உயிர்ப்பித்துத் தாயிடம் கொடுக்கிறார். ஆனால் ஓவியர்கள் வரைந்திருப்பது தங்கள் ஊர் வயலை. பளிச்சென்ற சட்டை அணிந்த ரஷ்ய உழவர்கள் குனிந்து கதிர் அறுக்கிறார்கள். பாடப் புத்தகத்தில் நான் எத்தனையோ முறை நடத்திய 17-ஆம் நூற்றாண்டு உழவனை அன்றுதான் முகத்தோடு பார்த்தேன்.

சுஸ்தாலில் இரண்டு இரவு தங்கவைப்பதாகச் சொல்லியிருந்த பயண நிறுவனம், வந்த பிறகு அதை ஓர் இரவாகக் குறைத்துவிட்டது. அது எனக்கு மிகுந்த வருத்தம். நீ போவதானால் இதை எழுத்தில் உறுதிசெய்துகொண்டு பணம் கட்டு. இரயில் பாதை அந்த ஊரைத் தொடாமல் போனதால் தொழிற்சாலைகள் வரவில்லை; அதனால்தான் ஊர் பழையபடியே பிழைத்துக் கிடக்கிறது. காமென்கா என்ற சிற்றாறு, அதன் மேட்டில் மடாலயங்கள், தாழ்ந்த மரவீடுகள், வீட்டுக்கு வீடு வெள்ளரித் தோட்டம். உப்புநீரில் ஊறவைத்த வெள்ளரிக்காயைச் சந்தையில் ஒரு பாட்டி கண்ணாடிச் சாடியிலிருந்து எடுத்துத் தந்தார். பூண்டும் சோயிக்கீரை விதையும் போட்டிருந்தார்கள். கறுப்பு ரொட்டியோடு அதைத் தின்றே நான் இரண்டு வேளையை ஓட்டினேன். சைவ உணவுக்குப் பயப்பட வேண்டாம் என்று மருமகளிடம் சொல். பக்வீட் என்ற தானியச் சோறும் காளான் பொதிந்த அப்பமும் எல்லா ஊரிலும் கிடைத்தன.

விளாதிமிர் பேராலயம், மாஸ்கோவுக்கு முன்மாதிரியாக இருந்த அதுவேதான், 1158-இல் தொடங்கியது. 1238 பிப்ரவரியில் மங்கோலியப் படை நகருக்குள் புகுந்தபோது அரச குடும்பத்தாரும் ஆயரும் அதற்குள் தஞ்சம் புகுந்தார்கள். மங்கோலியர் வெளியே விறகை அடுக்கித் தீ வைத்துவிட்டார்கள். "பாட்டு கானின் படையெடுப்பு" என்று கரும்பலகையில் ஒற்றை வரியாக எழுதிப்போட்டுவிட்டு அடுத்த பாடத்துக்குப் போன ஆசிரியை நான். அந்தச் சுவருக்கு உள்ளே நின்றபோது, அந்த ஒற்றை வரிக்காக என் மாணவர்களிடம் மன்னிப்புக் கேட்கத் தோன்றியது. அதே சுவர்களில்தான் 1408-இல் அந்திரேய் ருப்லியோவும் தனீல் சோர்னியும் இறுதித் தீர்ப்பை வரைந்தார்கள். தீர்ப்பு நாளின் அச்சத்தை எதிர்பார்த்து அண்ணாந்து பார்த்தேன். அங்கே அமர்ந்திருந்த அப்போஸ்தலர்களின் முகத்தில் அவ்வளவு கனிவு.

அங்கிருந்து சிறிது தூரத்தில் போகொல்யூபோவோ என்ற ஊரும் அதன் மடாலயமும். பேருந்து அங்கேயே நின்றுவிடும். இரயில் பாதையின் மேம்பாலத்தைக் கடந்து, புல்வெளி நடுவே ஒன்றரை கிலோமீட்டர் நடந்தால் நெர்ல் நதிக்கரையில் ஒரே ஒரு குவிமாடத்தோடு ஒரு சிறிய வெள்ளைத் தேவாலயம் இருக்கிறது. குழுவில் பலரும் மடாலயத்திலேயே தங்கிவிட, ஏழு பேர் மட்டும் நடந்தோம். அப்பாவின் முழங்காலுக்காக நான் தயங்கினேன். அவர்தான் முன்னால் நடந்தார். சுற்றிலும் வீடு இல்லை, மதில் இல்லை. வசந்தத்தில் ஆறு பெருகிப் புல்வெளியை மூடிவிடும் என்பதால், முதலில் மண்ணை மேடாக்கிக் கல் பரப்பி, அதன் மேல் கட்டியிருக்கிறார்கள். சுவர்கள் கண்ணுக்குத் தெரியாத அளவில் உள்நோக்கிச் சாய்ந்திருப்பதால் சிறிய கட்டடம் உயரமாகத் தோன்றுகிறது. வெளிச்சுவரின் உச்சியில் தாவீது அரசன் அமர்ந்து யாழ் மீட்ட, சிங்கங்களும் பறவைகளும் இருபுறமும் இருந்து கேட்கின்றன.

அதைக் கட்டியவர் அந்திரேய் போகொல்யூப்ஸ்கி என்ற அரசர். வோல்கா பல்கார்களோடு நடந்த போருக்குப் பின் இறந்துபோன தம் மகன் இஸியஸ்லாவின் நினைவாக 1165-இல் கட்டினார் என்பது அங்கே வழிவழியாகச் சொல்லப்படுவது. தகப்பனுக்காக மகன் செய்ததை ரோஸ்தோவில் கேட்டேன். மகனுக்காகத் தகப்பன் செய்ததை இங்கே பார்த்தேன். வழிகாட்டி சொல்லி முடித்ததும், டொரொண்டோவில் இப்போது மணி என்ன இருக்கும் என்று அப்பா என்னைக் கேட்டார். அன்று விடியற்காலையில் உன் தூக்கத்தைக் கெடுத்து நாங்கள் அழைத்தது அங்கிருந்துதான். காரணம் கேட்டாய், சும்மா என்றோம்.

இந்தத் தேவாலயமும் போயிருக்க வேண்டியதுதான். 1784-இல் மடாலயத் தலைவர், கல்லை வேறு கட்டடத்துக்குப் பயன்படுத்திக்கொள்ள இதை இடிக்க அனுமதியே வாங்கிவிட்டார். இடிக்க வந்த ஒப்பந்தக்காரரோடு கூலியில் பேரம் படியவில்லை. அதனால் நின்றது. மங்கோலியர் தொடாமல் விட்டதைச் சில காசு வித்தியாசம் காப்பாற்றியது என்பதை எண்ணி எண்ணி நான் திரும்பி நடந்தேன்.

மாஸ்கோவிலிருந்து பீட்டர்ஸ்பர்க்குக்கு இரயிலில் நான்கு மணி நேரத்தில் போய்விட்டோம். அரண்மனைகளில் நெரிசல் மிகுதி. தங்கமுலாம் பூசிய அறைகளில் நான்காவதுக்கு மேல் என் கண்ணில் எதுவும் நிற்கவில்லை. ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்தில் கேட்டது மட்டும் மனத்தில் நின்றது. 1941-இல் ஜெர்மானியப் படை நெருங்கியபோது பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்களை இரண்டு இரயில்களில் யூரல் மலைப்பக்கம் அனுப்பிவிட்டு, வெற்றுச் சட்டங்களைச் சுவரிலேயே விட்டுவைத்தார்கள். அந்தப் படை நகரை முற்றுகையிட்டிருந்த நாட்களின் நடுவில், துப்புரவுக்கு உதவிய படைவீரர்களை அருங்காட்சியக ஊழியர் ஒருவர் அழைத்துப்போய், ஒவ்வொரு வெற்றுச் சட்டத்தின் முன்னும் நின்று, இங்கே இருந்த ஓவியம் இன்னது என்று விளக்கியிருக்கிறார். அந்த முற்றுகை 872 நாள் நீடித்தது. மிக மோசமான வாரங்களில், தொழிலாளர் அல்லாத ஒருவருக்கு ஒரு நாளுக்கு 125 கிராம் ரொட்டி. பிஸ்கரியோவ்ஸ்கோயெ கல்லறைத் தோட்டத்தில் நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்ட நகரமக்கள் கிடக்கிறார்கள். நீண்ட புல்மேடுகளின் முன் பெயர் இல்லை, ஆண்டு மட்டும் பொறித்த கல் இருக்கிறது. 1942 என்ற கல்லின் முன் யாரோ ஒரு துண்டு ரொட்டியை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

நீங்கள் போவதானால் செப்டம்பரில் போங்கள். பிர்ச் மரங்கள் மஞ்சளாகத் தொடங்கும், குளிரும் தாங்கும்படி இருக்கும். நகரங்களைக் குறைத்து நாட்களைக் கூட்டு. ரோஸ்தோவில் மணியடிக்கும் நேரத்தை முன்னதாகவே கேட்டு வைத்துக்கொள். பேத்திக்கு அந்த ஊர் எனாமல் பதக்கம் ஒன்று வாங்கியிருக்கிறேன், நீலப் பூ வரைந்தது. அடுத்த மாதம் உன் நண்பர் வரும்போது கொடுத்தனுப்புகிறேன்.

அப்பா அந்த மணியோசையைத் தம் கைபேசியில் பதிந்துகொண்டு வந்தார். தினமும் காலைக் காப்பி குடிக்கும்போது போட்டுக் கேட்கிறார். சிறு மணிகள் எல்லாம் தெளிவாகக் கேட்கின்றன. சிசோயின் அடிநாதம் மட்டும் அதில் விழவே இல்லை. அது வர வேண்டிய இடத்தில் விரலால் மேசையைத் தட்டி எனக்குக் காட்டுகிறார்.

அன்புடன்,
அம்மா