கரண்ட் போனாலும் பேசுகிற ஒரு போன் வேண்டும்

எங்கள் பகுதித் தொலைபேசிச் சேவையின் பொது மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் அலுவலகத்திலிருந்து பதில் கடிதம் வந்து சேர்ந்தது. வாடிக்கையாளர் வீட்டில் மின்சாரம் இல்லாமல் போவதற்கு நிறுவனம் பொறுப்பல்ல என்று ஒரே வரியில் முடித்திருக்கிறீர்கள். நான் உங்களிடம் மின்சாரம் கேட்கவில்லை ஐயா. மின்சாரம் இல்லாதபோதும் பேசக்கூடிய ஒரு போன் கேட்டேன். அது எங்கள் வீட்டில் இருந்தது. அதன் உயிரை எடுத்தது உங்கள் ஆட்கள்தான்.

செம்புக் கம்பியைத் துண்டித்துவிட்டு எங்கள் தெருவுக்கு ஃபைபர் என்கிற கண்ணாடி இழை இணைப்பு கொடுத்த கதையும், அதன் பிறகு நான் நான்கு முறை எழுதியதும் உங்கள் கோப்பில் இருக்கும். அதைத் திரும்பச் சொல்லப்போவதில்லை. கோப்பில் இல்லாத இரண்டு நாட்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, 2016 டிசம்பர் 12. வர்தா புயல் சென்னையைக் கடந்த திங்கட்கிழமை. சாயங்காலத்துக்குள் எங்கள் தெருவில் பாதி மரங்கள் விழுந்துவிட்டன. கரண்ட் இல்லை, எந்தச் செல்போனிலும் சிக்னல் இல்லை. பணமதிப்பு நீக்கம் வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. கார்டு மெஷினும் ஓடாததால், கையில் நூறு ரூபாய்த் தாள் வைத்திருந்தவர்கள்தான் பால் வாங்கினார்கள். இரவு எட்டு மணி இருக்கும், எதிர்வீட்டு அம்மாவுக்கு மூச்சுத் திணறல். ஆஸ்துமா உள்ளவர். வீட்டில் நெபுலைசர் இருந்தது, ஆனால் அதற்கும் கரண்ட் வேண்டுமே. அவருடைய மருமகள் ஓடிவந்து எங்கள் கதவைத் தட்டினார்.

எங்கள் கூடத்தில் அப்பாவின் கறுப்பு டயல் போன் இருந்தது. 1981இல் பதிவு செய்து, ஏழு வருடம் காத்திருந்து, 1988இல் வந்த போன். பெங்களூரு ஐ.டி.ஐ. (இந்தியன் டெலிபோன் இண்டஸ்ட்ரீஸ்) தொழிற்சாலையில் செய்தது. ரிசீவரை எடுத்தேன், டயல் டோன் கேட்டது. மெழுகுவத்தி தேட நேரமில்லை, இருட்டில் விரலால் தடவியே எண்களைச் சுழற்றினேன். அந்த போனில் பழகியவர்களுக்கு இது தெரியும். சுழற்றும் விரலை நிறுத்தும் தடுப்புக் கம்பிக்கு மேலே முதல் துளை ஒன்று, கீழே முதல் துளை பூஜ்யம். பூஜ்யத்திலிருந்து விரலை நகர்த்தினால் ஒன்பது, எட்டு என்று வரிசையாகக் கிடைக்கும். ஒவ்வொரு எண்ணுக்கும் டயல் 'கிர்ர்' என்று திரும்பி வரும்வரை காத்திருக்க வேண்டும். எட்டு எண்கள். பக்கத்துத் தெரு டாக்டர் வீட்டில் மணி அடித்தது. அவர்கள் வீட்டிலும் அப்போது லேண்ட்லைன் இருந்தது. பையையும் டார்ச்சையும் எடுத்துக்கொண்டு, சாய்ந்து கிடந்த மரங்கள் மேல் ஏறி இறங்கி, கால் மணி நேரத்தில் வந்து ஊசி போட்டார்.

அந்தப் போன் ஏன் வேலை செய்தது என்பதை நான் உங்கள் பொறியாளர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. குரல் போகும் அதே இரண்டு கம்பிகளில்தான் எக்ஸ்சேஞ்சிலிருந்து 48 வோல்ட் மின்சாரமும் வந்துகொண்டிருந்தது. எக்ஸ்சேஞ்சில் வரிசையாகப் பேட்டரிகள், அவற்றுக்குத் துணையாக ஒரு டீசல் ஜெனரேட்டர். மணி அடிக்கும் சக்திகூட அங்கிருந்துதான் வந்தது. எங்கள் வீட்டில் ஃபியூஸ் போனாலும், ஊரே இருண்டு கிடந்தாலும் போனுக்கு ஒன்றும் ஆகாது. இப்படி யோசித்துக் கட்டியவர்கள் உங்கள் துறையின் மூத்தவர்கள்தான். அவர்கள் மேல் எனக்கு இன்றும் மரியாதை உண்டு.

இரண்டாவது நாள், 2023 டிசம்பர் 4. மிக்ஜாம் புயலின் மழை. இடையில் நீங்கள் ஃபைபருக்கு மாற்றியிருந்தீர்கள். கண்ணாடி இழையில் ஒளி வரும், மின்சாரம் வராது. வீட்டுச் சுவரில் நீங்கள் மாட்டிய வெள்ளைப் பெட்டிக்கு எங்கள் பிளக்கிலிருந்துதான் கரண்ட். கரண்ட் போன அதே நொடியில் அதன் பச்சை விளக்குகள் எல்லாம் அணைந்துவிட்டன. தெருவில் இடுப்பளவு தண்ணீர். அதே எதிர்வீட்டு அம்மாவுக்கு அதே மூச்சுத் திணறல். மொட்டை மாடியில் நனைந்துகொண்டு மூன்று செல்போன்களைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தோம், ஒரு கோடு சிக்னல்கூட வரவில்லை. டாக்டர் வீட்டு லேண்ட்லைனும் அதற்குள் ஃபைபருக்கு மாறியிருந்தது. கடைசியில் அந்த அம்மாவின் மகன் தண்ணீரில் இறங்கி மெயின் ரோட்டுக்கு நடந்தார். காலை ஏழு மணிக்குப் போனவர் படகோடு திரும்பியபோது பதினொன்று தாண்டிவிட்டது. அந்த நான்கு மணி நேரமும் மருமகள் ஒரு பரீட்சை அட்டையை வைத்து விசிறிக்கொண்டே இருந்தார். உதடு நீலமாகிக்கொண்டு வருவதை நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். பிழைத்துவிட்டார். ஆனால் இப்போது மழை எச்சரிக்கை என்று டி.வி.யில் சொன்னாலே மகள் வீட்டுக்குக் கிளம்பிவிடுகிறார்.

செம்புக் கம்பி குறையே இல்லாதது என்று நான் வாதாடவில்லை. ஜாயிண்டில் தண்ணீர் இறங்கினால் கரகரவென்று சத்தம் வரும், பிறகு லைனே செத்துப்போகும். வெள்ளத்தைத் தாங்குவதில் ஃபைபர்தான் மேல். சரி, ஃபைபரே இருக்கட்டும். அதன் பெட்டிக்கு ஒரு பேட்டரி கொடுங்கள் என்பதுதானே என் வேண்டுகோள்? அமெரிக்காவில் 2015லேயே, வீட்டு போனுக்கு எட்டு மணி நேர மாற்று மின்சக்தியை வாடிக்கையாளர் கேட்டால் விற்றாக வேண்டும் என்று விதி போட்டார்கள். மூன்று வருடத்துக்குள் 24 மணி நேரம் தாங்குவதையும் விற்க வேண்டும் என்று அதே விதி சொன்னது. பிரிட்டனில் பழைய லைன்களை 2025 டிசம்பரோடு மூட இருந்தார்கள். தனியாக இருக்கும் முதியவர்களின் அவசர அழைப்புக் கருவிகள் புதிய இணைப்பில் செயலிழந்தது தெரிந்ததும், மாற்றும் வேலையை நிறுத்திப் பார்த்து, கெடுவை 2027 ஜனவரிக்குத் தள்ளினார்கள். பிரிட்டனில் புயல்கூட நம் அளவுக்கு இல்லை. வருடா வருடம் வடகிழக்குப் பருவமழை வரும் கடற்கரை ஊரில் இருந்துகொண்டு நாம் ஏன் யோசிக்கவில்லை?

எஸ்.டி.டி. பூத்துகள் போய்விட்டன. பெட்டிக்கடையில் இருந்த ஒரு ரூபாய் போன் போய்விட்டது. 2013 ஜூலையில் தந்தியும் போய்விட்டது. ஒவ்வொன்றும் போகும்போது 'இப்போது யார் இதைப் பயன்படுத்துகிறார்கள்' என்றுதான் கேட்டார்கள். ஊரே தண்ணீரில் நிற்கும்போது பயன்படுத்துவோம், அதுதான் பதில். மூன்றாம் நாள் எப்படியோ சிக்னல் கிடைத்து உங்கள் புகார் எண்ணைக் கூப்பிட்டால், ஆப்பில் பதிவு செய்யுங்கள் என்கிறது பதிவு செய்த குரல். வயதானவர்கள் இருக்கும் வீடு ஐயா இது. கோபம் வராமல் என்ன செய்யும்?

மன்னிக்கவும், கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். கரண்ட் போனாலும் பேசுகிற ஒரு போன் வேண்டும். கம்பி இன்னும் நல்ல நிலையில் இருக்கும் தெருக்களில், கேட்பவர்களுக்காவது அதை விட்டுவையுங்கள். ஃபைபர் கொடுத்த வீடுகளில் முதியவர்களோ நோயாளிகளோ இருந்தால், பெட்டியோடு 24 மணி நேரம் தாங்கும் பேட்டரியையும் நீங்களே மாட்டிக் கொடுங்கள். மாதத் தவணையில் பணம் பிடித்துக்கொண்டாலும் சம்மதம். அப்புறம் இன்னொன்று: அந்தப் பெட்டியில் டயல் போனும் வேலை செய்ய வேண்டும். உங்கள் டெக்னீஷியன் அப்பாவின் போனை அதில் மாட்டிப் பார்த்தார். டயல் டோன் வந்தது, வரும் அழைப்புக்கு மணியும் அடித்தது, எண்ணைச் சுழற்றினால் மட்டும் போகவில்லை. "இது பட்டன் போனைத்தான் எடுக்கும் சார்" என்று சொல்லிவிட்டு, ஏனோ ரிசீவரைத் துடைத்து வைத்துவிட்டுப் போனார். டயலை ஏற்கும் பெட்டிகளும் சந்தையில் இருக்கின்றன. அவற்றில் ஒன்றைத் தந்தால் போதும்.

அக்டோபரில் மழை தொடங்கிவிடும். அதற்குள் ஒரு ஆளை அனுப்பிப் பார்க்கச் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன். காலை பத்து மணிக்கு மேல் எப்போதும் வீட்டில்தான் இருக்கிறேன். முதலில் எதிர்வீட்டுக்குப் போய்விட்டு, பிறகு என் வீட்டுக்கு வரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
1988 முதல் உங்கள் வாடிக்கையாளர் வீட்டைச் சேர்ந்தவன்