கட்டடம் நிற்கும், வாத்தியார் நிற்பாரா?

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதம் வந்தது. இருக்கிற வேலையை விட்டுவிட்டு, இமயமலைக் கிராமங்களில் பள்ளி கட்டும் குழுவோடு போகப்போகிறாய் என்று படித்ததும் அப்பா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் எழுந்து போய் பழைய அட்லஸை எடுத்து வந்தார். எனக்குப் பயமும் இருக்கிறது, பெருமையும் இருக்கிறது. எது அதிகம் என்று கேட்காதே.

"பள்ளி வந்தால் அங்கே அமைதியும் வரும் அம்மா" என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்த பிறகுதான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன்.

நீ பிறப்பதற்கு முன்னால் நான் வேலை பார்த்த மலைப்பள்ளியைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன். ஒன்றை மட்டும் சொன்னதில்லை. அங்கே ஓடைக்கு இந்தப் பக்கம் ஒரு குடியிருப்பு, அந்தப் பக்கம் ஒரு குடியிருப்பு. மேய்ச்சல் நிலத்துக்காக இரண்டும் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தவை. பள்ளியை இந்தக் கரையில் கட்டிவிட்டார்கள். அக்கரைக்காரர்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நல்ல எண்ணத்தோடு கட்டிய பள்ளி, பழைய பகைக்கு ஒரு புதுக் காரணமாகப் போய்விட்டது. முதல் வருடம் அக்கரையிலிருந்து ஒரு பிள்ளைகூட வரவில்லை. நான் வாரம் ஒரு முறை ஓடையைக் கடந்து போய், வீட்டு வாசல்களில் உட்கார்ந்து பேசினேன். இரண்டாம் வருடம் ஏழு பேர் வந்தார்கள். மழை பெய்து ஓடையில் தண்ணீர் ஏறினால் அந்த ஏழும் வராது. வருகைப் பதிவேட்டைப் பார்த்தே எந்த நாளில் மழை பெய்தது என்று சொல்லிவிடலாம். அப்புறம் ஒரு நாள், இக்கரை ஆட்கள் நான்கு பேர் ஓடையின் குறுக்கே மரத்தைப் போட்டார்கள். யாரும் சொல்லிச் செய்ததில்லை. தங்கள் பிள்ளைகளின் கூட்டாளிகள் நனையக் கூடாது என்று செய்தது. நான் கண்ணால் பார்த்த அமைதி அவ்வளவுதான். அதற்கே இரண்டு வருடம் ஆனது.

பள்ளியாலேயே சண்டை வந்ததும் உண்டு கண்ணு. பாகிஸ்தானின் வடக்கு மலைப்பகுதியில் இருக்கும் கில்கிட்டில், பாடப்புத்தகத்தில் மதத்தை எப்படிச் சொல்வது என்பதில் ஷியா, சுன்னி பிரிவினரிடையே மூண்ட பிரச்சினை, 2004இல் ஊரடங்கு வரை போனது. மாதக்கணக்கில் பள்ளிகள் மூடிக் கிடந்தன. அதே வட்டாரத்தின் தியாமர் மாவட்டத்தில் 2018 ஆகஸ்டில் ஒரே இரவில் சுமார் ஒரு டஜன் பள்ளிகளுக்குத் தீ வைத்தார்கள். அவற்றில் பல பெண் குழந்தைகள் படிக்கும் பள்ளிகள். எந்தப் பெஞ்சில் யார் பக்கத்தில் யார் உட்காருகிறார், என்ன படிக்கிறார் என்பதையெல்லாம் கட்டடத்தைவிட அதிகமாக யோசி.

கிரெக் மார்ட்டென்சன் பெயரை உன் குழுவில் பேசியிருப்பார்கள். 1993இல் உலகின் இரண்டாவது உயரமான கே2 சிகரம் ஏற முயன்று முடியாமல் திரும்பிய அமெரிக்கர். பிறகு மலைக் கிராமங்களில் பள்ளி கட்ட ஓர் அறக்கட்டளை நடத்தியவர். வட பாகிஸ்தானின் பால்டிஸ்தானில் கோர்ஃபே கிராமத்துக்குப் பள்ளி கட்டப் போனபோது, சாமான் கொண்டுபோக முதலில் பிரால்டு ஆற்றின் மேல் பாலம் கட்ட வேண்டியிருந்தது. அந்தப் பள்ளி எழுந்தது உண்மை. ஆனால் 2011இல், அவர் சொன்ன கதைகளில் சில உண்மையில்லை என்றும், அவர் கணக்கில் காட்டிய பள்ளிகளில் சில காலியாகக் கிடக்கின்றன என்றும் தொலைக்காட்சிக்காரர்கள் போய்ப் பார்த்துச் சொன்னார்கள். மறுவருடம் மொன்டானா மாநில அரசு விசாரித்த பிறகு, சுமார் 10 லட்சம் டாலரைத் தன் அறக்கட்டளைக்குத் திருப்பித் தர அவர் ஒப்புக்கொண்டார். எனக்கு இதில் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம். யாரோ சில்லறை சேர்த்துக் கொடுத்த காசு. ஒவ்வொரு ரூபாய்க்கும் கணக்கு எழுதி, அதைக் கிராமத்தாருக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

ஆப்கானிஸ்தானின் கோர் மாகாணத்தில் 2007இல் 31 கிராமங்களை எடுத்துக்கொண்டு ஓர் ஆய்வு செய்தார்கள். சில கிராமங்களில் மட்டும் வகுப்பு தொடங்கினார்கள். அதற்கென்று தனிக் கட்டடம் எதுவும் எழுப்பவில்லை. இருக்கிற வீட்டிலோ மசூதியிலோ இடம், உள்ளூர் ஆளே ஆசிரியர். வகுப்பு நடந்த ஊர்களில் பள்ளியில் சேர்ந்த பெண் குழந்தைகளின் விகிதம் 52 சதவீதப் புள்ளி கூடியது. ஆணுக்கும் பெண்ணுக்கும் இருந்த இடைவெளியே மறைந்துபோனது. பள்ளி ஒரு மைல் தள்ளிப் போனால் சேர்க்கை 16 புள்ளி குறைகிறதாம். என் ஓடைதான் ஞாபகம் வந்தது.

கட்டடம் வேண்டாம் என்று சொல்லவில்லை. 2005 அக்டோபர் 8, காலை 8:50. காஷ்மீர் பூகம்பம் வந்தபோது பிள்ளைகள் வகுப்பில் இருந்தார்கள். இடிந்து விழுந்த பள்ளிகளில் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் போய்விட்டார்கள். நீ படித்த சிவில் இன்ஜினியரிங் அங்கே வேண்டும். கம்பியிலும் சிமென்டிலும் ஒரு பிடிகூடக் குறைக்க விடாதே. வளர்ந்த பெண்களுக்குத் தாழ்ப்பாள் உள்ள கழிப்பறை கட்டு. அது இல்லாமல் படிப்பை நிறுத்திய பெண்களை எனக்குத் தெரியும்.

நேபாளத்தில் கும்ஜுங் ஊருக்கு முடிந்தால் போய் வா. ஷெர்பாக்கள் கேட்டதற்காக எட்மண்ட் ஹிலாரி 1961இல் தொடங்கிய பள்ளி அங்கே இருக்கிறது. ஆரம்ப கால மாணவர்களில் ஒருவரான மிங்மா நோர்பு ஷெர்பா, பின்னாளில் எவரெஸ்ட்டைச் சுற்றியுள்ள சாகர்மாதா தேசியப் பூங்காவுக்கே பொறுப்பதிகாரியானார். அங்கே ஊர்தான் பள்ளி வேண்டுமென்று முதலில் கேட்டது, அதைக் கவனி.

நீ போகும் ஊரில், மூன்றாவது குளிர்காலத்தில் வாத்தியாருக்குச் சம்பளம் யார் தருவார் என்று முதல் நாளே கேள். பதில் கிடைக்கும்வரை அஸ்திவாரம் தோண்டாதே. ஓடை ஏதாவது இருந்தால் இரண்டு கரைக்கும் நடந்து போய்ப் பேசிவிட்டு வா.

அப்பா உனக்குக் கம்பளிக் காலுறை நான்கு ஜோடி எடுத்து வைத்திருக்கிறார். போய்ச் சேர்ந்ததும் எழுது. அங்கே பாடம் நடத்தப்போவது யார் என்பதை முதல் வரியிலேயே எழுது.

அன்புடன்,
அம்மா