வள்ளியூர் பக்கத்துச் சைக்கிள் கடைப் பெரியவருக்கும், அந்த இரவில் கைகொடுத்த எல்லோருக்கும்

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

600 பி.ஆர்.எம். (600 கிலோமீட்டரைக் கெடுவுக்குள் ஓட்டி முடிக்க வேண்டிய நெடுந்தூரச் சைக்கிள் ஓட்டம்) அன்று இரவு நடந்தது இதைப் படிக்கிற உங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று, யார் யார் விழுந்தார்கள், எந்த வண்டி என்ன ஆனது என்பதெல்லாம் விடிவதற்குள் ஊர் முழுக்கப் போய்ச் சேர்ந்துவிட்டது. விழுந்த நண்பர் கையைத் தொட்டிலில் போட்டுக்கொண்டு வீட்டில் இருக்கிறார். நன்றாகச் சாப்பிடுகிறார். அடுத்த 300 எப்போது என்று கேட்டு வீட்டாரிடம் வாங்கிக் கட்டிக்கொள்கிறார். அதற்கு மேல் அந்த இரவைக் கிளற மனமில்லை. இது நன்றி சொல்ல எழுதும் மடல்.

108-இல் வந்த இரண்டு பேருக்கும், அந்த நேரத்திலும் முகம் சுளிக்காமல் காயத்தைக் கழுவிக் கட்டிய அரசு மருத்துவமனைச் செவிலியர் அக்காவுக்கும், அணைத்த அடுப்பை மறுபடி பற்றவைத்துச் சுக்குக் காப்பி போட்டுத் தந்த டீக்கடைக்காரருக்கும், நாற்காலியும் தண்ணீரும் கொடுத்த பெட்ரோல் பங்க் தம்பிகளுக்கும், கண்ட்ரோலில், அதாவது வழியில் உள்ள சோதனை இடத்தில், கண்விழித்துக் காத்திருந்து கார்டுகளில் முத்திரை போட்ட தொண்டர்களுக்கும், நள்ளிரவில் போன் அடித்தபோது பதறாமல் பேசிய குடும்பத்தாருக்கும் சேர்த்து ஒரு பெரிய கும்பிடு. பின்னால் வந்த லாரியை ஓரங்கட்டி, நான்கு பக்க விளக்கையும் மினுக்கவிட்டு, ஆம்புலன்ஸ் வரும்வரை இடத்தைவிட்டு நகராத ஓட்டுநர் அண்ணனுக்குத் தனியாக ஒன்று. நாம் போடுகிற மினுங்கும் சட்டை, நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டுகிறவரைத்தான் காட்டும். நாலு வழிச்சாலையில் தரையோடு கிடப்பவர், பின்னால் வருகிற வண்டிக்குக் கடைசி நொடியில்தான் தெரிவார். அந்த லாரி அங்கே நின்றது சின்ன விஷயம் இல்லை.

மீதி இடம் முழுக்கப் பெரியவருக்கு.

நண்பரோடு சேர்ந்து சாய்ந்த இன்னொரு வண்டி, பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது. வலப்பக்கமாக விழும் வண்டியில் முதல் அடி வாங்குவது பின் டிரெய்லியர், அதாவது செயினைப் பல் விட்டுப் பல் மாற்றும் கருவி. அதைத் தாங்கும் ஹேங்கர் மெல்லிய அலுமினியத் துண்டு. பிரேமுக்கு அடி போகாமல் தான் வளைந்துகொடுக்கட்டும் என்றுதான் அதை அப்படிச் செய்கிறார்கள். சக்கரத்தை நோக்கி நாலைந்து மில்லிமீட்டர் வளைந்திருந்தால் இருட்டில் கண்ணில் படாது. சின்னப் பல்லில் (சின்னப் பற்சக்கரத்தில்) ஓட்டும்வரை தொந்தரவும் இல்லை. எதிர்காற்றில் திணறி, கேசட்டின் (பின்சக்கரப் பற்சக்கர அடுக்கின்) மிகப்பெரிய பல்லுக்கு மாற்றும்போதுதான் வினை. டிரெய்லியரின் கூண்டு போக்ஸ் கம்பிகளில் போய்ச் சிக்கும். அல்லது செயின் பெரிய பல்லையும் தாண்டிப் போய், கேசட்டுக்கும் கம்பிகளுக்கும் நடுவில் விழுந்து, கம்பியின் கழுத்தை அறுக்கும். இங்கே நடந்தது இரண்டாவது. வலப்பக்கக் கம்பி இரண்டு போய்விட்டது.

அதனால் யாருக்காவது உதவும் என்று ஒரு வார்த்தை: வலப்பக்கம் விழுந்த வண்டியைப் பெரிய பல்லுக்கு மாற்றாதீர்கள். முதலில் பின்னால் குனிந்து, கேசட்டும் டிரெய்லியரின் இரண்டு குட்டிச் சக்கரங்களும் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றனவா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் டிரெய்லியரில் ‘எல்’ எழுத்துப் போட்ட திருகை உள்ளே முடுக்கி, பெரிய பல் இரண்டுக்கும் அது போகாதபடி கட்டிவிடுங்கள். ஏற்றத்தில் கால் வலிக்கும், சக்கரம் பிழைக்கும்.

வலப்பக்கக் கம்பி என்றால் ஏன் இத்தனை பாடு? கேசட் இடத்தைப் பிடித்துக்கொள்வதால் பின்சக்கரத்தின் வலப்பக்கக் கம்பிகள் ஏறக்குறைய செங்குத்தாக நிற்கின்றன. இடப்பக்கத்தவை நன்றாக அகன்று சாய்ந்திருக்கின்றன. ரிம் நடுவில் நிற்க வேண்டுமானால் வலப்பக்கத்தை இடப்பக்கத்தைவிட ஏறக்குறைய இருமடங்கு இறுக்க வேண்டியிருக்கிறது. அப்படி இறுகிய கம்பிகளில் இரண்டு ஒரே இடத்தில் போனால், ரிம் இடப்பக்கம் இழுத்துக்கொண்டு செயின்ஸ்டேயில் (பின்சக்கரத்தை ஒட்டிப் போகும் பிரேம் குழாயில்) உரசி நின்றுவிடும். அது 28 கம்பிச் சக்கரம் வேறு. ஒரு கம்பி போனால் அதை ஒட்டிய இடப்பக்கக் கம்பிகளை அரைச் சுற்று, முக்கால் சுற்று தளர்த்திவிட்டு ஓட்டலாம். இரண்டு போனால், தளர்த்தத் தளர்த்தச் சக்கரமே தொளதொளத்துவிடும். கையில் புதுக் கம்பி இருந்தாலும் முறைப்படி கோர்க்க முதலில் கேசட்டைக் கழற்றியாக வேண்டும். அதற்கு லாக்ரிங் சாவி, அதாவது கேசட்டைப் பூட்டும் வளையத்தைக் கழற்றும் சாவி வேண்டும். ஊர்ச் சைக்கிள் கடையில் அது இருக்காது; இருக்கத் தேவையும் இல்லை. அங்கே வரும் வண்டிகளெல்லாம் திருகி மாட்டும் ஃப்ரீவீல்.

அதிகாலை நாலரை மணிக்குக் கடை எங்கே திறந்திருக்கும்? கடையை ஒட்டிய வீட்டுத் திண்ணையில் படுத்திருந்தவர் சத்தம் கேட்டு எழுந்துவந்தார். சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். கடைச் சாவி மகனிடம், மகன் வேறு ஊரில். “மவன் வர ஒம்பது மணி ஆவும். கம்பி பூரா உள்ள கெடக்கு” என்றார். சொல்லிவிட்டுத் தன் வண்டியைத் திண்ணையடியிலிருந்து உருட்டிவந்து கவிழ்த்துப் போட்டார். “இருக்கட்டும், இதுல உருவுதேன்.”

அவர் செய்த வேலையை உங்களில் பலர் கேட்டதால் விவரமாகவே எழுதுகிறோம். அவருடைய பழைய 28 இஞ்ச் வண்டியில் முன்சக்கரத்துக்கு 32 கம்பி, பின்சக்கரத்துக்கு 40. முன்சக்கரத்தைத்தான் தேர்ந்தெடுத்தார். அதில் ஃப்ரீவீல் கிடையாது, எந்தப் பக்கத்துக் கம்பியையும் தடையில்லாமல் உருவலாம். ஆள் பாரம் பெரும்பாலும் பின்னால்தான் விழுகிறது. எடுத்த இரண்டில் ஒன்று இடப்பக்கம், மற்றது வலப்பக்கம், சக்கரத்தில் ஏறக்குறைய ஒன்றுக்கொன்று எதிரே. அப்படி எடுத்தால் ரிம் ஒரு பக்கமாக இழுக்காது. தூக்கக் கலக்கத்தில் எழுந்துவந்த மனிதர் இதை யோசித்துச் செய்தது போலவே தெரியவில்லை. கை தானாகப் போனது.

அறுந்த கம்பியை நிப்பிளிலிருந்து (ரிம்மில் கம்பியைப் பிடிக்கும் மரைக் குமிழிலிருந்து) கழற்றும்போது நிப்பிளை விரலால் அழுத்திப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். இரட்டைச் சுவர் ரிம்மில் நிப்பிள் உள்ளே விழுந்தால் டயர், டியூப், ரிம் நாடா எல்லாவற்றையும் கழற்றித்தான் எடுக்க வேண்டும். அவருடைய கம்பியின் மரை நம் நிப்பிளில் ஏறியது, அது அதிர்ஷ்டம். ஆனால் கம்பி ஒரு சென்டிமீட்டருக்கும் சற்று மேலே நீளம். இங்கேதான் அவர் கெட்டிக்காரத்தனம். மரை உள்ள நுனியைத் தொடவில்லை. தலைப்பக்கத்தைக் கட்டிங் பிளேயரால் வெட்டி எறிந்துவிட்டு, அறுந்த கம்பியைப் பக்கத்தில் வைத்து அளந்து, அந்த நுனியில் இரண்டு மடிப்பு மடித்தார். முதல் மடிப்பு செங்கோணமாக, அதிலிருந்து நாலைந்து மில்லிமீட்டர் விட்டு எதிர்ப்பக்கமாக இன்னொன்று. அந்த இடைவெளி ஹப்பின் விளிம்புத் தடிமனுக்குச் சற்றுக் கூடுதல். கொக்கியை விளிம்புத் துளையில் உட்பக்கத்திலிருந்து நுழைத்து அசைத்து அசைத்துத் திருப்பினால், நுனி வெளிப்பக்கம் போய் விளிம்பில் படிந்துகொள்கிறது. கேசட்டுக்கும் விளிம்புக்கும் நடுவில் இருக்கும் கொஞ்ச இடமே அதற்குப் போதும். கேசட்டைத் தொடவே வேண்டாம். நிப்பிளை முடுக்க முடுக்க, இழுவிசையே கொக்கியை இறுக்கிப் பிடிக்கிறது. தளர்ந்தால் மட்டும்தான் கழன்றுவிடும்.

அவருடைய நிப்பிள் சாவி நம் நிப்பிளுக்குத் தொளதொளப்பு. பவுடர் டப்பாவிலிருந்து ஒரு தகரச் சீவலை வெட்டி இடையில் கொடுத்துத் திருகினார். ஒரு முனையும் மழுங்கவில்லை. பிறகு பெண்டு எடுத்தல். செயின்ஸ்டேயில் கையை ஊன்றிச் சாக்பீஸை ரிம்முக்கு ஒரு மயிரிழை தள்ளிப் பிடித்துச் சுற்றினார். எங்கே கோடு விழுகிறதோ அங்கே ரிம் அந்தப் பக்கம் தள்ளி இருக்கிறது. எதிர்ப்பக்கக் கம்பியைக் கால் சுற்று இறுக்கு, இந்தப் பக்கத்தைக் கால் சுற்று தளர்த்து, கோட்டைத் துடைத்துவிட்டு மறுபடி சுற்று. ஒரேயடியாக ஒரு முழுச் சுற்றுத் திருகும் ஆட்களைப் பார்த்தால் அவருக்குப் பிடிக்காது போல. உதவிக்குப் போன கை தட்டிவிடப்பட்டது. கடைசியில் ஒவ்வொரு கம்பியையும் விரலால் சுண்டிக் காது கொடுத்துக் கேட்டார். புதிய இரண்டும் மற்ற வலப்பக்கக் கம்பிகளின் சுருதிக்கு வந்ததும் நிறுத்தினார். பிறகு இணையாகப் போகும் கம்பிகளை இரண்டிரண்டாகச் சேர்த்து உள்ளங்கையில் பிடித்து நெருக்கினார். கொக்கி நன்றாகப் படிய அது அவசியம். படியாத கம்பி பத்துக் கிலோமீட்டரில் தளர்ந்துவிடும். அந்த நேரத்தில் டிரெய்லியர் போல்ட்டில் 5 மி.மீ. ஆலன் கீயைச் செருகி நெம்பி, ஹேங்கரை ஓரளவு நிமிர்த்தியாயிற்று. அதை அவர் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்லாம் சேர்ந்து ஐம்பது நிமிடம். 600-க்குக் கெடு 40 மணி நேரம், அதாவது மணிக்கு 15 கிலோமீட்டர். ஐம்பது நிமிடம் என்றால் பன்னிரண்டரை கிலோமீட்டர் கடன். திரும்பும் வழியில் காற்று முதுகில் தள்ளியபோது அந்தக் கடன் அடைந்துவிட்டது. சக்கரம் மீதி இருநூறு சொச்சம் கிலோமீட்டரும் ஓடி, முடிவில் ரிம் ஒன்றிரண்டு மில்லிமீட்டர்கூட ஆடவில்லை.

பணத்தை நீட்டியதும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். “ரூவா எதுக்கு? எனக்கு மவன் வந்து ரெண்டு கம்பி போட்டுக்குடுப்பான். காத்து ஏறுததுக்குள்ள கெளம்புங்க.”

பி.ஆர்.எம். விதியில் ஒரு நியாயம் இருக்கிறது. கண்ட்ரோலுக்கும் கண்ட்ரோலுக்கும் நடுவில் நம் ஆட்கள் காரில் பின்தொடர்ந்து உதவக்கூடாது. ஆனால் வழியில் யாருக்கும் திறந்திருக்கும் கடையில் சாப்பிடலாம், வண்டியைச் சரிபார்க்கலாம். தன் காலில் நிற்கிற விளையாட்டு என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்வது இதைத்தான். உண்மையில் நாம் நிற்பது சாலையோரத்து மனிதர்கள் காலில். அந்தக் கடைகளும் குறைந்துகொண்டுதான் வருகின்றன. அவர் கடை வாசலில் சங்கிலி போட்டுக் கட்டியிருந்த வண்டிகளில் முக்கால்வாசி, பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசு கொடுக்கும் விலையில்லா மிதிவண்டிகள். அவை இல்லையென்றால் அந்தப் பக்கத்தில் நிப்பிள் சாவியைத் தொடுகிற ஆளே இருக்கமாட்டார். லட்ச ரூபாய் வண்டிக்காரர்களால் அவருக்கு ஆண்டுக்கு ஒரு பஞ்சர்கூடக் கிடைப்பதில்லை.

அதனால் சில முடிவுகள். இனி 300-க்கு மேற்பட்ட எந்த ஓட்டத்துக்கும் மூன்று அளவுக் கம்பி கட்டாயம்: பின் வலம், பின் இடம், முன். தலையும் மரையும் அடிபடாதபடி நாடா சுற்றிச் சீட்டுக்குழாய்க்குள் விட்டுவிடலாம். நிப்பிள் இரண்டும், அறுந்த கம்பிக்குப் பதிலாக அவசரத்துக்குக் கட்டும் கெவ்லார் நூல் கம்பி ஒன்றும் பைக்குள். அந்தச் சாலையில் போகிறவர்கள் பகலில் போனால், பழுது இருக்கிறதோ இல்லையோ, பெரியவர் கடையில் நின்று சக்கரத்தைக் காட்டிவிட்டு, அதற்குரிய கூலியைக் கொடுத்துவிட்டுப் போங்கள். வேலைக்குக் கூலி என்றால் வாங்கிக்கொள்வார்.

இன்னொன்று. கிளம்பும்போது கேசட்டைத் தொட்டுக்காட்டி, “இத கழத்துததுக்கு என்ன சாமான்?” என்று கேட்டார். எல்லோரும் சேர்ந்து அதை வாங்கியாயிற்று: ஷிமானோ, ஸ்ராம் இரண்டுக்கும் பொருந்தும் 12 பல் லாக்ரிங் சாவி ஒன்று, கேசட் சுழலாமல் பிடிக்கும் செயின் சாட்டை ஒன்று. லாக்ரிங்கைத் திரும்ப மாட்டும்போது 40 நியூட்டன் மீட்டர் இறுக்கம் வேண்டும். அவருடைய பெரிய ஸ்க்ரூ ஸ்பேனரே அதற்குப் போதும். கூடவே 2 மி.மீ. கம்பி ஒரு கட்டு, நம் அளவுக்கு ஒரு நிப்பிள் சாவி. அடுத்த வாரம் நாகர்கோவில் பக்கம் போகிறவர்கள் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். கொடுக்கிறவர்கள் விலையை மட்டும் சொல்லிவிடாதீர்கள். கேட்டால் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

நன்றியுடன்,
அன்று இரவு அந்தச் சாலையில் இருந்த எல்லோரும்