திருவனந்தபுரம் மியூசியத்துக்குக் காலை நேரத்தை ஒதுக்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கோடை விடுமுறையிலும் சபரிமலை சீசனிலும் நம் பக்கத்திலிருந்து திருவனந்தபுரம் போகும் வேன்களுக்கும் பள்ளிப் பேருந்துகளுக்கும் கணக்கில்லை. பத்மநாப சுவாமி கோயில், மிருகக்காட்சி சாலை, கோவளம் என்று வரிசை போடுகிறார்கள். மிருகக்காட்சி சாலையை ஒட்டி, அதே தோட்ட வளாகத்தில் இருக்கும் நேப்பியர் அருங்காட்சியகமும் ஓவியக்கூடங்களும் ‘நேரம் இருந்தால்’ என்று கடைசியில் சேர்க்கப்படுகின்றன. அந்த நேரம் யாருக்கும் கிடைப்பதில்லை. இந்த வரிசையை மாற்றிப் போட வேண்டும்: காலையில் அருங்காட்சியகமும் ஓவியக்கூடங்களும், பிற்பகலில் மிருகக்காட்சி சாலை.

முதலில் விடுமுறை நாள். திங்கட்கிழமை அருங்காட்சியகமும் மிருகக்காட்சி சாலையும் திறப்பதில்லை. புதன்கிழமை முற்பகலிலும் அருங்காட்சியகம் மூடியிருக்கும். பிற்பகல் 1 மணிக்குத்தான் திறப்பார்கள். மற்ற நாட்களில் காலை 10 மணி முதல் மாலை 4.45 வரை. வழியில் பத்மநாபபுரம் அரண்மனையையும் பார்க்க நினைப்பவர்கள் கவனிக்க வேண்டும்: அதற்கும் திங்கள்தான் விடுமுறை. ஞாயிறு, திங்கள் என்று இரண்டு நாள் போகிறவர்கள் கோவளத்தைத் திங்களுக்குத் தள்ளிவிட்டால் போதும்.

விடியற்காலையில் கோயிலை முடித்துக்கொள்வது நல்லது. முற்பகல் கடந்தால் நடை அடைத்துவிடுவார்கள், பிறகு மாலையில்தான் திறப்பு. ஆண்களுக்கு வேட்டி, பெண்களுக்குச் சேலை. செல்போனை உள்ளே விடமாட்டார்கள். அங்கிருந்து 10 மணிக்கு மியூசியம் வாசலுக்கு வந்துவிடலாம். தம்பானூர் ரயில் நிலையத்திலிருந்து வருகிறவர்களுக்கு 3 கி.மீ. தூரம்தான். பாளையம் வழியாகப் போகும் நகரப் பேருந்தில் ‘மியூசியம்’ என்று கேட்டாலே இறக்கிவிடுவார்கள்.

மிருகக்காட்சி சாலையை ஏன் பிற்பகலுக்கு வைக்கச் சொல்கிறோம்? அது ஏற்றமும் இறக்கமுமான நிலம். பிள்ளைகளோடு சுற்றிவர இரண்டு மூன்று மணி நேரம் பிடிக்கும். கால் ஓய்ந்த பிள்ளையை அதன்பின் ஒரு செப்புத் திருமேனி முன் நிறுத்த முடியாது. நடுப்பகல் வெயிலில் புலியும் சிங்கமும் நிழலில் படுத்தே கிடக்கும். வெயில் தாழ்ந்தபின்தான் எழுந்து நடமாடும். டிக்கெட் கவுண்டர் எத்தனை மணிக்கு மூடும் என்பதை மட்டும் காலையிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே நுழையும் முன் கட்டடத்தைச் சுற்றி ஒரு முறை நடக்க வேண்டும். சென்னைப் பல்கலைக்கழக செனட் மாளிகையைக் கட்டிய ராபர்ட் சிஷோம் வடிவமைத்தது இது, 1880-இல் முடிந்தது. நேப்பியர் பாலத்துக்குப் பெயர் தந்த சென்னை கவர்னர் நேப்பியர் பிரபுவின் பெயரையே இதற்கும் வைத்தார்கள். செனட் மாளிகையில் குவிமாடம் வைத்த அதே கை, இங்கே கேரளக் கோயில்களின் செங்குத்தான ஓட்டுக் கூரையை எடுத்துக்கொண்டது. கூரை முகப்பின் முக்கோணப் பலகைகளைக் கவனியுங்கள். அவை அலங்காரத்துக்கு மட்டும் அல்ல. கூடத்துக்குள் சூடாகும் காற்று மேலே ஏறி அந்த இடைவெளிகள் வழியாக வெளியேறுகிறது. கீழே ஜன்னல்களின் வழியாகத் தோட்டத்தின் குளிர்ந்த காற்று உள்ளே வருகிறது. ஏசி இல்லாமலேயே உள்ளே வெக்கை தெரியாததற்கு உயரமான கூரையும் சுற்றியுள்ள மரங்களும் சேர்ந்துதான் காரணம். தோட்டத்தைக் கட்டடத்தோடு சேர்த்தே பார்க்கச் சொல்வது அதனால்தான்.

உள்ளே செப்புத் திருமேனிகள், தந்தச் சிற்பங்கள், மரவேலைப்பாடுகள், கோயில் தேர் என்று நிறைய இருக்கின்றன. எல்லாவற்றையும் பார்த்துத் தீர்க்க நினைத்தால் ஒன்றுமே மனதில் நிற்காது. திருமேனிகளில் நான்கைந்தை மட்டும் எடுத்துக்கொண்டு நிதானமாகப் பாருங்கள். பீடத்தில் துளையோ வளையமோ இருந்தால் அது வீதி உலா போன உற்சவ மூர்த்தி. பல்லக்கில் வைத்துக் கட்டுவதற்காக விட்டது. சோழர் காலத் திருமேனிகளைத் தஞ்சையிலோ எழும்பூரிலோ பார்த்தவர்களுக்கு வேறுபாடு உடனே தெரியும்: கேரளத்து வார்ப்புகளில் ஆபரணங்கள் அடர்த்தி, உடல் வளைவு குறைவு. பக்கவாட்டிலிருந்து பார்த்தால் இன்னும் தெளிவாகத் தெரியும்.

இனி ஓவியங்கள். பழைய சுற்றுலாக் குறிப்புகள் ரவி வர்மா படங்களுக்கு 1935-இல் திறந்த ஸ்ரீ சித்திரா ஓவியக்கூடத்தைக் காட்டும். அவருக்கென்று அதே வளாகத்தில் 2023-இல் தனிக் கலைக்கூடம் திறந்துவிட்டார்கள். வாசலில் கேட்டுக்கொண்டு போனால் அலைச்சல் இல்லை. முள் எடுப்பது போல் காலைத் தூக்கித் துஷ்யந்தனைத் திரும்பிப் பார்க்கும் சகுந்தலையும், அன்னத்தின் தூது கேட்கும் தமயந்தியும் நாம் காலண்டரில் பார்த்துப் பழகியவர்கள். அச்சில் தெரியாதது சேலைச் சரிகை. பத்தடி தள்ளி நின்றால் பொன் இழை ஓடுவதாகவே தோன்றும். கிட்டே போனால் மஞ்சளும் வெள்ளையுமாகச் சிறுசிறு வண்ணத் தீற்றல்கள்தான், இழை ஒன்றும் இல்லை. எண்ணெய் வண்ணத்தின் மேல் பூசிய வார்னிஷ் விளக்கொளியில் பளபளத்துக் கண்ணை மறைக்கும். ஓரடி இடமோ வலமோ நகர்ந்தால் முகம் தெளியும். ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். பலமான ஒளி பழைய வண்ணங்களை வெளிறச் செய்யும்.

ஸ்ரீ சித்திரா கூடத்தையும் விட்டுவிடக் கூடாது. ரஷ்ய ஓவியர் ரோரிக் வரைந்த இமயமலைக் காட்சிகள், தஞ்சாவூர்ப் படங்கள், சித்தன்னவாசல் சுவரோவியத்தின் நகல் ஆகியவை அந்தச் சேகரிப்பைச் சேர்ந்தவை. புதுக்கோட்டை மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு அந்த நகலை அவசியம் காட்ட வேண்டும். சித்தன்னவாசலில் கழுத்தை அண்ணாந்து, மங்கிய விதானத்தில் தேடிப் பார்க்கும் தாமரைக் குளத்தை இங்கே கண்ணுக்கு நேரே பார்க்கலாம்.

அருங்காட்சியகத்துக்கு ஒரு மணி, ஓவியக்கூடங்களுக்கு ஒன்றரை மணி என்று வையுங்கள். ஐம்பது பிள்ளைகளை ஒரே கூட்டமாக உள்ளே அனுப்பினால் பின்னால் நிற்பவர்களுக்கு முதுகுதான் தெரியும். பதினைந்து பேராகப் பிரித்து, ஒரு குழு உள்ளே இருக்கும்போது மற்றவர்களைத் தோட்டத்து மேளமேடை அருகே உட்கார வைக்கலாம். ஜூன், ஜூலையிலும் அக்டோபர், நவம்பரிலும் குடை இல்லாமல் போகாதீர்கள். கட்டடத்துக்குக் கட்டடம் திறந்தவெளியில்தான் நடக்க வேண்டும்.

தங்கள் நாளிதழின் சுற்றுலாப் பக்கத்தில் திருவனந்தபுரத்தைப் பற்றி எழுதும்போதெல்லாம் திங்கள் விடுமுறையையும் புதன் முற்பகல் விடுமுறையையும் தடித்த எழுத்தில் போடும்படி கேட்டுக்கொள்கிறோம். தேர்வு முடிந்து பள்ளிகள் பேருந்து பேசும் மாதத்துக்கு முன்பே அது வந்தால் பலருக்கும் உதவும்.

இப்படிக்கு,
வாசகர்கள், நாகர்கோவில்